கைவிடப்பட்டது என்று எழுதியிருந்தேன்

மேலிருந்து பார்த்தால்
பழுப்புத் தாளில் யாரோ பொறுமையில்லாமல்
ஊசி குத்திப் பார்த்ததுபோல் இருக்கும் எங்கள் சூஃப்.
ஒவ்வொரு துளையும் மணலில் வெட்டிய ஒரு பள்ளம்.
அடியில், வேர் தானாகவே நீரைத் தொடும் ஆழத்தில்,
எட்டோ பத்தோ பேரீச்சைகள்.
எழுநூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மரம் தெரியாது.
நிழல் மட்டும், ஒரு கரும்புள்ளியாக.
புள்ளிகளை எண்ணுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மப்ரூக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை.
வாசலில் செருப்பைத் தட்டினாள்,
தரையில் ஒரு பிடி பாலை.
"என் தோட்டம் செத்துப்போச்சு என்று எழுதினது யார்?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
துனிசிய எல்லையையும் தாண்டி
ஒரே மூச்சில் இழுத்த கோடுகள்போல மணல் முகடுகள்;
வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நொடி வாயடைத்து நிற்பார்கள்.
அவள் நிற்கவில்லை. விரலை வைத்தாள்.
"இது தாஹருடையது. இது என் கொழுந்தன் பள்ளம்.
அதை ஒட்டி நான்."
விரலை எடுத்தாள்.
அங்கே வெறும் பழுப்பு.

"என்றைக்கு எடுத்த படம்?"
மார்ச் ஒன்பது என்றேன்.
உதடு அசையக் கணக்குப் போட்டாள்,
பிறகு சிரித்தே விட்டாள்.
"மகளுக்குக் கல்யாணம். ஐந்து நாள்
ஒருத்தரும் கூடையைத் தொடவில்லை.
காற்றையும் விருந்துக்கு அழைத்தோமா என்ன?
நாலாம் நாள் ராத்திரி அதுவாகவே வந்து
மட்டை வரை மூடிவிட்டுப் போனது."

கதவோரம் நின்றிருந்தான் புது மாப்பிள்ளை.
பேசவில்லை. அவள் கண்காட்டியதும்
இரண்டு கையையும் விரித்தான்:
மருதாணிச் சிவப்பு இன்னும் மங்கவில்லை,
அதற்கு மேலே கொப்புளங்கள்.
பதினோரு இரவு சரிவேறி
மணல் கொட்டியிருக்கிறான்.

பதினாறு நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வரும், என்றேன்.
"எத்தனை மணிக்கு?"
காலை பத்தேகால்.
"அப்போது நிழல் மேற்கே சாயும். சரி," என்றாள்,
ஆள் வரச்சொல்லி நேரம் குறித்துக்கொள்கிறவள் மாதிரி.

அந்த நாளும் வந்தது.
தெற்கிலிருந்து புழுதி கிளம்பி
வானம் பால் கலந்த தேநீராகிவிட்டது.
படத்தில் தாஹர் இல்லை, கொழுந்தன் இல்லை,
இந்த அலுவலகக் கூரை இல்லை,
ஜன்னலோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த
நானும் இல்லை.

பழைய வரியை அடித்தேன்.
'உள்ளது' என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் ஆதாரம் கேட்டது.
பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு
நிரப்பினேன்:
மாப்பிள்ளையின் கை.