ஒன்றிலிருந்து பத்துக்குள்

தமிழ் தெரிந்தவள் என்பதால்
கணக்குப் பிரிவிலிருந்து என்னைக் கீழே அழைத்தார்கள்.
செசில் ஸ்ட்ரீட், காப்புறுதி அலுவலகம், மூன்றாம் மாடி.
எதிரில் தவசிலிங்கம்.
துவாஸில் சாரம் சரிந்து ஐந்து மாதம்,
வலது தோளுக்குள் இரண்டு திருகாணி.

வலி எவ்வளவு என்று கேள்,
ஒன்றிலிருந்து பத்துக்குள், என்றார் மிஸ் குவெக்.

கேட்டேன்.
காலைல கடுப்பு, என்றார்.
படுத்தா குடைச்சல்.
மழை இருட்டினா உளையும்.
சட்டை மாட்டுறப்ப சுரீர்னு ஒண்ணு.
விரல் நுனி மட்டும் மதமதன்னு இருக்கு,
அது வலியில்ல மேடம்,
ஆனா அதுக்குத்தான் பயமா இருக்கு.

ஆறா, ஏழா? என்றார் மிஸ் குவெக்.
ஏழு, என்றேன்.

அடுத்த தாள், மருந்துச் செலவு.
டிராமடால் முதலில் தொண்ணூறு, பிறகு நூற்றைம்பது.
தூக்க மாத்திரை பதினான்கு நாளுக்கு மட்டும் என்று
மார்ச்சில் எழுதியிருக்கிறது.
அந்தப் பதினான்கு நாள் இன்னும் முடியவில்லை.
பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி,
கேள்விக்குறிக்கு அருகே வெள்ளிக் கணக்கு.

ரூம்ல பன்னெண்டு பேரு மேடம்.
நைட் ஷிப்ட் ஆளு விடியக்காலம் வந்து லைட்டப் போடுவான்.
முழிச்சா ஏஜெண்ட் கடன் ஞாபகம் வந்துரும்.
கொஞ்சம் நிறுத்தினார்.
மாத்திரை போட்டா
வீட்லேர்ந்து போன் வந்தாலும் கேக்காது.

சத்தம் செய்கிறது என்று எழுதச் சொன்னேன்.
விடுதியில் சத்தம்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்:
வியாழக்கிழமை டாக்டர் பெர்சன்டேஜ் போடுறாரு.
அன்னைக்கு மாத்திரை போட்டுட்டுப் போகவா,
போடாமப் போகவா?
போட்டா கை தோள் வரைக்கும் எழும்புது.
போடலன்னா இடுப்போட நின்னுருது.
ரெண்டுமே என் கைதான் மேடம்,
பொய் சொல்லல.

இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே எத்தனை சதவீதம்
எனக்குத் தெரியும்.
ஒரு சதவீதத்துக்கு எத்தனை வெள்ளி,
அதைத்தான் நாள் முழுக்க மேலே தட்டுகிறேன்.

என்ன கேட்கிறார்?
கழிப்பறை எங்கே என்று.

நானே கூட்டிப்போனேன்.
மின்தூக்கிப் பொத்தானை இடது கையால் அழுத்தினார்,
அழுத்திவிட்டு, அதை யாரும் பார்த்தார்களா என்று பார்த்தார்.
அட்டை ஒன்று அவர் சட்டைப் பையில் மொரமொரத்தது.

கதவு திறப்பதற்குள் நான் சொன்னது
கோப்பில் இல்லை.
கோப்பில் இருப்பது ஏழு.