புறப்படும் தேதி

பதினாறு வருஷமாக நான் கேட்கிற கேள்வி அது.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
மூன்று மாடி லாட்ஜின் கவுண்டரில்
ஆதார் நகலைத் திருப்பிக்கொண்டே
வங்காளத்தில் கேட்பேன்: கதோ தின்?
எத்தனை நாள்?
யாருக்கும் தெரியாது.
டாக்டர் சொல்லணும் என்பார்கள்.
ரிஜிஸ்டரில் வந்த தேதியை எழுதிவிட்டு
புறப்படும் தேதியைக் காலியாக விடுவேன்.
அட்வான்ஸ் மட்டும் மூன்று நாளுக்கு.

போன ஆடியில்
சாக்ஸ் கழற்றிய கணுக்காலில்
ரப்பர் வரி ராத்திரி முழுக்க அழியாமல் கிடந்தது.
கழிப்பறையில் நுரை,
ஒரு வாளி ஊற்றியும் அடங்கவில்லை.
வெயில் என்றேன்.
நின்றுகொண்டே வேலை என்றேன்.
வேலப்பாடி மெடிக்கல்காரர் தந்த மாத்திரையைப் போட்டேன்.
சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக
எனக்கு நான்கு மாதம் ஆனது.
நாற்பது அடி இருக்கும்.

முதுகில் ஊசி விட்டு எடுத்த
நொய்யரிசி அளவு சதையில்
இருபத்திரண்டு சல்லடைகளை எண்ணினார்களாம்.
ஆறில் தழும்பு.
அந்த ஆறிலும் முழுசாக இல்லை,
ஒரு ஓரம், ஒரு மூலை.
அப்போ பதினாறு நல்லா இருக்கில்ல டாக்டரம்மா?
இப்போதைக்கு, என்றார்.

இப்போதைக்கு.
அந்தச் சொல்லுக்குத்தான் எங்கள் லாட்ஜில்
தின வாடகை.

என் கேள்வியை அவரிடம் கேட்டேன், தமிழில்.
பேனாவை மூடி வைத்தார்.
புரதம் இறங்கினால் நீண்ட காலம்,
உங்க பொண்ணு கல்யாணம், அதுக்கு அப்புறமும்.
இறங்காவிட்டால் பாதிப் பேருக்கு
ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் மெஷின்.
நீங்கள் எந்தப் பாதி என்பது
ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் ஓரளவு தெரியும்.
மாற்றி வைக்கிற சிறுநீரகத்திலும் திரும்ப வரலாம்.
இதை நான் கேட்கவே இல்லை.
மறைக்கத் தெரியாத டாக்டர்.
அன்றைக்கு ஒருநாள் மறைத்திருக்கலாம்.

இன்னா சொன்னாங்க, என்றாள் ஜினமதி.
உப்பு குறைக்கச் சொன்னாங்க.
அவ்ளோதானா?
அவ்ளோதான்.
மறுநாள் ஊறுகாய் ஜாடி பரணுக்கு ஏறியது.
அவளும் தொடவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

மாத்திரையில் முகம் உப்பியது.
நல்ல சாப்பாடு போல, என்றார் பால்காரர்.
ராத்திரி இரண்டு மணிக்குப் பசி;
லாட்ஜ் மொட்டைமாடியில் நின்று பிஸ்கட் தின்பேன்.
சுற்றிலும் மலை,
பகல் வாங்கிய சூட்டைப் பாறை
அந்த நேரத்திலும் விட்டுத் தரவில்லை.

ஒருநாள் பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டினேன்.
பதினான்காம் அறை, விமல் மைத்தி,
மேதினிபூரில் பள்ளிக்கூட குமாஸ்தா.
பதினோரு வருஷத்தில் இருபத்தொரு தடவை.
ஒவ்வொரு தடவையும் ஒரு பை பொரி, ஒரு ஃபைல்.
ஃபைலில் என் நோய்தான்.
அவரோடு ரயிலில் பழகி வந்த இளைஞன்,
பதினைந்தாம் அறை, அதே நோய்,
மூன்று தடவை.
அதற்கப்புறம் எந்தப் பக்கத்திலும் இல்லை.
லாட்ஜ் மாறியிருக்கலாம்.
குணமாகியிருக்கலாம்.
நான் அந்த நோட்டை மூடிவிட்டேன்.

மாசியில் மைத்தி வந்தபோது
என் முகத்தைப் பார்த்ததுமே
எத்தனை மில்லிகிராம், என்று கேட்டார்.
ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தோம்.
எப்படிய்யா பதினோரு வருஷம்?
தெரியாது தாதா.
பிரஷரைப் பார்த்துக்கிறேன்.
வரும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துடறேன்.

இன்று ஞாயிறு.
விடிகாலை ஆறு மணிச் சிறுநீரைக் கொட்டிவிட்டு
நேரம் எழுதிக்கொண்டேன்;
நாளை ஆறு வரை ஒரு சொட்டு விடாமல் கேனில்.
கேன் கவுண்டருக்கு அடியில்,
பழைய துண்டு சுற்றி.
காட்பாடியிலிருந்து ஆட்டோவில் ஒரு குடும்பம்,
கடைசியாக இறங்கியவர்
வீங்கிய காலைச் செருப்புக்குள் திணிக்க முடியாமல்
கையில் பிடித்திருந்தார்.
கதோ, என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டேன்.
சாவியைக் கொடுத்தேன்.
கீழ் அறைதான், படி ஏற வேண்டாம்.
வெந்நீர் ஐந்திலிருந்து ஏழு வரை வரும்.
சில நாள்
ஏழரை வரைகூட.