வியாழன் மட்டும் பத்து நிமிடம்

மூன்றாம் இரவில் நோய் போய்விட்டது.
படகு நேரம் பார்க்க வந்தவர்களைச்
சூதாட்ட மேசைக்குக் கடத்திக்கொண்டிருந்த
நான்கு வரிகளைப் பிடுங்கி எறிந்தேன்.
படங்கள் அடுக்கிய கோப்புறைக்குள்
படம் என்றே பெயர் சூடி ஒளிந்திருந்தன
பதினொரு கள்ளக் கதவுகள்.
நான் சேர்க்காத நிர்வாகி ஒருவன்
ஆகஸ்டிலிருந்து தினமும்
என்னைவிட ஒழுங்காக வேலைக்கு வந்திருக்கிறான்.
அவனையும் அனுப்பினேன்.
கடவுச்சொற்களை மாற்றினேன்.
பிறகு தளத்தைத் திறந்தேன்.

வெள்ளை.
எழுத்தில்லை. பிழைச் செய்திகூட இல்லை.
ஜன்னலுக்கு வெளியே சாந்தூர் துறையிலும் அதேதான்.
மூடுபனியில் படகு, கிரேன், எதிர்த் தீவு ஸ்குவோய்
எல்லாம் இருக்கின்றன,
எதுவும் தெரியவில்லை.

காலை ஆறுக்கு ரன்வா அழைத்தாள்,
பயணச்சீட்டு அறையிலிருந்து.
"சுத்தம் செய்துவிட்டேன் என்றாயே?"
"செய்துவிட்டேன்."
"நோயோடு இருந்தபோதாவது வேலை செய்தது."

பிழைப் பதிவேட்டை விரித்தால்
ஐந்நூறு, ஐந்நூறு, ஐந்நூறு.
துப்புரவுக் கருவி போகிற போக்கில்
பாதிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறது.
சொந்த வீட்டு வாசலில்
கால் மாற்றி நிற்கிறது சர்வர்.
அனுமதி எண்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.
தலைப்பு வந்தது.
படகின் படம் பாதி வந்தது, முன்பக்கம் மட்டும்.
அட்டவணை வரவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் வரி
யாரையோ அழைக்கிறது.
அழைக்கப்பட்டவர் இல்லை.
தூக்கம் கெட்டவனின் நியாயம் எனக்கு:
அழைப்பையும் வெட்டினேன்.
வந்துவிட்டது அட்டவணை, வாரம் முழுதும்,
பளிச்சென்று.

ஆனாலும் உலாவிகள்
சிவப்புப் பலகை நட்டு நின்றன இரண்டு நாள்,
இத்தளம் ஆபத்தானது என்று.
குளித்துவிட்டு வந்தவனைப் பார்த்தும்
ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.
மறுபரிசீலனைக்கு எழுதினேன். மறுபடி எழுதினேன்.
புதன் இரவு பலகை இறங்கியது.
ஒரு பீர் குடித்தேன்.

வியாழன், மதியம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் முன்பு
படகிலிருந்து பார்துர்:
"திரை ஒரு மணி என்கிறது. கயிற்றை அவிழ்க்கவா?
அன்னிகா ஊசி போட்டுக்கொண்டு
இன்னும் மருத்துவரிடமிருந்து வரவில்லை.
வியாழன் எப்போதும் ஒன்று பத்துதானே?"
"எப்போதிலிருந்து?"
"நான் இந்தப் படகுக்கு வருவதற்கு முன்பிருந்தே."

ஜூலை மாதப் பிரதியைத் தோண்டினேன்.
கோப்பின் கடைசியில், விளக்கக் குறிப்பு இல்லாமல்,
எஸ் என்று ஒற்றை எழுத்துப் பெயரோடு
மூன்று வரிகள்:
கிழமை நான்கு என்றால்
அறுநூறு நொடி கூட்டு.
நோயும் இப்படித்தான் வந்து ஒட்டும்,
கடைசியில், சொல்லாமல், அரைப் பெயரோடு.
கருவி சிவப்பில் காட்டியது.
சரிபார்க்காமல் ஆம் என்றது
என் விரல்.

எழுதியவன் யோக்வான்.
ஒன்பது வருடம் முன்பு டென்மார்க் போனவன்,
எண் மாறிவிட்டது.
ரன்வாவிடம் கேட்டேன், யார் இந்த எஸ்?
"சான்னாவாக இருக்கும். முழங்கால் வலி,
மருத்துவமனை மேட்டிலிருந்து மெதுவாக இறங்குவாள்.
செத்து ஆறு வருடம்.
அதற்குள் மற்றவர்களும்
மெதுவாக இறங்கப் பழகிவிட்டார்கள்."

மூன்று வரிகளைத் திரும்ப வைத்தேன்.
அழைப்பையும்.
மேலே ஒரு குறிப்பு: அழிக்காதே, கேள்.
யாரைக் கேட்பது என்று
எழுதத் தோன்றவில்லை.

பார்துர் எப்படியும் காத்திருந்தானாம்,
திரை என்ன சொன்னால் என்ன என்று.
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி
அவள் ஏறியபோது ஒன்று பதிமூன்று.

இன்றிரவும் கருவி ஓடி முடித்துச் சொல்கிறது:
சந்தேகத்துக்குரிய கோப்பு, ஒன்று.
நீக்கு, புறக்கணி
என இரண்டு பொத்தான்கள்.
காபி ஆறுகிறது.
பனி சற்று விலகி
ஸ்குவோயில் ஒரு விளக்கு தெரிகிறது,
இல்லை, அது படகு.