நாற்பத்தொரு செவ்வாய்க்கிழமைகள்

எல்லாவற்றையும் எடு, இல்லையென்றால் எதையும் எடுக்காதே
என்றார் டெர்ப்ளாஞ்ச்.
பைன்டவுனில் அவர் கராஜ் கதவு பாதிதான் திறந்தது.
மீதியை ஒரு பிரிண்டர் தடுத்துக்கொண்டிருந்தது.
மகள் பெர்த்தில். அடுத்த மாதம் இவரும்.
விலை, என் டொயோட்டாவுக்குக் கியர்பாக்ஸ் மாற்ற
மெக்கானிக் கேட்ட தொகைக்குச் சற்றுக் கீழே.
கியர்பாக்ஸ் அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

பூபாலனிடம் ஏழெட்டு என்று சொல்லியிருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
சாக்ரனின் பக்கி வண்டியில் ஐந்து நடை,
ஹிகின்சன் நெடுஞ்சாலையில்,
போர்வை போர்த்தி, கயிறு கட்டி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியதுபோல.
நான்காவது நடையில் ஒரு விசைப்பலகை நழுவி விழுந்து
தார் முழுக்க எழுத்துகள்.
பின்னால் வந்த பஸ் ஏறிப் போனது.
எந்தச் சொல் நசுங்கியதோ.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் படுக்கையறை இரண்டு.
அவ்வளவுதான்.
குளியலறை வாசலில் கொமடோர்கள்,
தையல் மெஷின்மேல் ஆப்பிள்,
சாமி மேடைக்குக் கீழே மோடம்கள். முருகா, மன்னிக்கணும்.
பூபாலன் தட்டைக் கையிலேயே ஏந்தி நின்றபடி சாப்பிட்டார்.
பேசவில்லை. அது மோசமான அறிகுறி.
மூன்றாம் நாள் கேட்டார்:
"இதெல்லாம் எதுக்கு, பாக்கியம்?"
பதில் வாய்வரை வந்தது. அங்கேயே நின்றது.

ஒரு டிரைவின் வாய்க்குள் இரண்டு பல்லி முட்டை.
அந்தப் பெட்டியை மட்டும் துடைக்காமல்
ஜன்னலோரம் வைத்தேன்.
அதற்குள் ஏதோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு மாலை. எட்டு மணிக்கு மின்வெட்டு என்றது பட்டியல்.
முதல் ஐபிஎம்மைப் போட்டேன்.
விசிறி இருமியது. தூசி கருகும் நெடி.
பச்சை எழுத்து ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து
இன்று செவ்வாய்க்கிழமை, ஒன்று ஒன்று எண்பது என்றது.
சரியான தேதியைத் தா என்றது.
அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும்.
நேரம் காக்க உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்
இவற்றுக்குத் தெரிந்த ஒரே நாள் அது.
ஐபிஎம் வகை நாற்பத்தொன்று,
நாற்பத்தொரு செவ்வாய்க்கிழமை.

எனக்கும் தெரியும் அந்தச் செவ்வாய்.
பத்தொன்பது வயது. புத்தாண்டு.
எங்களுக்கென்று பலகை நட்டுவிட்ட கடற்கரைத் துண்டில்
பிரியாணி அண்டாவைச் சுற்றி அத்தனை பேர்;
மணல் போதாமல் பிள்ளைகள் கார் கூரைமேல்.
மறுவாரம் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் நேர்காணல்,
கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் தேவையென்று பேப்பரில் பார்த்து.
கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
பீரோ பீரோவாக நின்று அது முனகியது.
"டைப்பிங் தெரியுமா? நல்லது. கீழ்த்தளம்."
பதினொரு வருடம்.
நான் அடித்த எண்களை அது மேலே இருந்து தின்றது.
ஒருமுறையும் தொட்டதில்லை.

வெறுமனே என்டர் தட்டினால் போதும்,
அந்த நாளையே ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கும்.
தட்டவில்லை.
ஒரு நேரத்தில் மூன்றுதான்; மேலே போனால் மெயின் விழும்.
அணைத்தால் மறந்துவிடும், அதுவும் தெரியும்.
ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் இன்றைய தேதியை
விரலால் ஊட்டினேன்.
பத்தொன்பதாவதில் தெருவே இருண்டது.

மின்சாரம் வந்தபோது மணி பத்தரை.
திரும்பிப் பார்க்கிறேன்,
பூபாலன் டார்ச்சை அணைக்க மறந்து
மேசையோரம் ஒரு பெட்டிமுன் உட்கார்ந்திருக்கிறார்.
ஒற்றை விரல். இருபத்தைந்து, ஆறு.
செல்லாத தேதி என்றது பெட்டி.
மறுபடி அடித்தார். மறுபடி செல்லாது.
மாதத்தை முதலில் போடணும் என்றேன்.
"யார் வீட்டில் வந்து யார் சட்டம்?" என்றார்,
பெட்டியைப் பார்த்து,
நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு.