தொழில் என்ற கட்டம்

என் விசிட்டிங் கார்டில் எழுத்து மேடாக இருக்கும்.
கண்ணை மூடித் தடவினாலும் தெரியும்:
நிதி மேலாளர்.
பாஸ்போர்ட்டின் பதினோராம் பக்கத்தில் ஒட்டிய தாளில்
நான் பிளம்பர்.

அன்றைக்குக் கோட்டாவில் அதுதான் மிச்சம்
என்றார் நௌஷாத், கம்பெனியின் மன்தூப்.
"இப்போ ஏறுங்க சாரே, பின்னே மாத்தலாம்."
ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவனிடம்
கண்டக்டர் சொல்வதுபோல் சொன்னார்.
தொங்கிக்கொண்டு மூன்று வருஷம்.

வங்கியில் ஒரு பெண்
கார்டைப் பார்த்தாள், விசாவைப் பார்த்தாள்,
என் டையைப் பார்த்தாள்.
கடன் இல்லை என்பதைச் சிரித்தே சொல்லிவிட்டாள்.
குடும்ப விசா கவுண்டரில் இருந்தவருக்கு
அந்தச் சிரிப்பும் வரவில்லை.
கரூரிலிருந்து பூங்கோதை கூப்பிடும்போதெல்லாம்
"பிளம்பர் சம்சாரம் பேசுறேன்" என்பாள்.
முதல் வருஷம் இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது ஓர் இடம் இருக்கிறதாம்,
மேனேஜர் இடம், அஜ்மான் லைசென்ஸில்.
"பக்ஷே அதில ஒராள் இருக்கு சாரே."
யார்?
நௌஷாத் பேன்ட்ரிப் பக்கம் தாடையைக் காட்டினார்.

தொம்மை.
வீரபாண்டியன்பட்டணத்துக்காரர்.
கிடங்கில் முப்பத்தொரு பேருக்கு டீ,
யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இல்லை
எல்லாம் வாயில் வைத்திருப்பார்.
அவர் வந்த வருஷம் மிச்சமிருந்தது மேனேஜர் விசா.
ஒருமுறை ரோலாவில் போலீஸ் நிறுத்தி
தாளைப் பார்த்து, பிளாஸ்டிக் செருப்பைப் பார்த்து,
"போங்க முதீர்" என்று வழிவிட்டதாம்.
அதை அவர் சொல்லும்போதெல்லாம்
போலீஸ்காரர் கொஞ்சம் உயரமாகிக்கொண்டே போவார்.

ஆளை மாற்றிப் போடலாம், ஒரே நாளில் இரண்டு ஃபைல்,
அவர் பிளம்பர், நான் மேனேஜர்.
அவருக்குச் சம்பளம் குறையாது,
டீயும் மாறாது.
நியாயம்தானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்,
கணக்குப் பார்க்கிறவன் சொல்லும் குரலில்.

சாயங்காலம் என் மேஜையில் கோப்பையை வைத்தவர்
போகவில்லை.
"சார், ஒண்ணு சொல்லலாமா.
பெரிய மக பெலிக்சாவுக்குப் பேசி முடிச்சிருக்கு.
மாப்பிள்ளை வீட்ல விசாவ ஜெராக்ஸ் கேட்டாவ.
மேனேஜர்னு பாத்துதான்
அம்பது பவுன முப்பத்தஞ்சா கொறச்சாவ.
தவசு காலத்துக்கு முன்ன கல்யாணம்.
அதுக்கப்புறம் என்னைய
ஒட்டகம் மேய்க்கன்னு போட்டாலும் சரி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பேன்ட்ரிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது,
பத்து நாளாகச் சொட்டுகிறது.
"அதையும் நீங்கதான் பாக்கணும் சார்"
என்றார், சிரிக்காமல்.

இரவு பூங்கோதையிடம் சொல்லவில்லை.
பையனுக்கு ஒன்றாம் வகுப்பு,
இங்கே பள்ளிக்கூடத்தில் மார்ச்சுக்குள் சீட்டு.
விசா அடிக்காமல் சீட்டு இல்லை.
பதினைந்து பவுன்
கிராமுக்கு எத்தனை திர்ஹம் என்று பெருக்கிப் பார்த்தேன்.
பையனின் ஒரு வருஷத்தை எதால் பெருக்குவது
என்று தெரியாமல் விளக்கை அணைத்தேன்.

காலையில் டைப்பிங் சென்டர்.
வெளியே வெயிலில் ஒருவன்
தன் புகைப்படத்தின் நீல விளிம்பை
வெள்ளை வெள்ளையாக வெட்டிக்கொண்டிருந்தான்.
உள்ளே கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பிலிப்பினோப் பெண்
என் ஃபைலைத் திறந்து, தொம்மையின் ஃபைலைத் திறந்து,
எங்கள் இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்தாள்.
வெள்ளைச் சுவர் முன்னால்
இரண்டு பேரும் ஒரே மாதிரி விழித்திருந்தோம்.

"அர்ஜென்ட்டா, சாதாரணமா?"

நௌஷாத் அர்ஜென்டுக்கான பணத்தை
எண்ணித் தயாராக வைத்திருந்தார்.
அர்ஜென்ட் என்றால் ஐந்து நாள்.
சாதாரணம் என்றால் இரண்டு மாதம், சிலசமயம் மூன்று.

"சாதாரணம்" என்றேன்.

நௌஷாத் என்னைப் பார்த்தார்.
மீதி நூற்றுப் பத்து திர்ஹத்தை
அவள் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.
ஃபோனில் பூங்கோதையின் மிஸ்டு கால் இரண்டு.
வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி
ஒரு ஹார்டுவேர் கடையில்
அரை இஞ்ச் வாஷர் ஒரு டஜன் வாங்கினேன்.