பழங்காநத்தத்தில் பாய்மரம்

ஆடியில் காற்று உண்டு, தண்ணீர் இல்லை.
கார்த்திகையில் தண்ணீர் உண்டு, காற்று இல்லை.
மாடக்குளம் கண்மாயை நாலு வருஷமாகப் பார்த்து
மின்வாரிய டைரியில் குறித்துவைத்ததன் சாரம்
இவ்வளவுதான்.
தையில் மட்டும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்:
கலுங்கைத் தொடுகிற தண்ணீர்,
சேலைத் தலைப்பைத் தூக்கும் அளவுக்கு ஒரு வாடை.
ஆக, என் படகு தை மாதத்துப் படகு.

பீரோ கதவில் மூன்று வரைபடங்கள்.

முதலாவது தட்டை அடி.
மூன்று பலகை, நூறு திருகு, ஒரு வார வேலை.
கவிழாது. ஓடவும் ஓடாது.
கீழ்வீட்டு மொக்கச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு
"மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊத்தலாம்" என்றார்.

இரண்டாவது தையல் படகு.
ஒட்டுப்பலகையை ஐந்து பட்டையாக அறுத்து
ஓரங்களில் துளையிட்டு
செம்புக் கம்பியால் தைத்து
மூட்டுக்கு மூட்டு பசையும் கண்ணாடி நாரும் வைப்பது.
பதினைந்து அடி.
ஜாக்கெட் தைத்துப் பழகிய கை இது.
மார்புக்கு டார்ட் பிடிப்பதும்
படகுக்கு மூக்குக் கூட்டுவதும்
ஒரே கணக்குத்தான்.

மூன்றாவது,
சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
விரல் அகலச் சட்டங்களை அடுக்கி அடுக்கி வளைப்பது.
பதினேழு அடி.
அதன் பக்கவாட்டுக் கோடு ஒன்றுக்காகவே
இரண்டு ராத்திரி விழித்திருந்தேன்.

ஒட்டடைக் கம்புகளைப் பதினேழு அடிக்குச் சேர்த்துக் கட்டி
மறுமுனையைப் பாக்கியசெல்வியிடம் கொடுத்து
மாடியிலிருந்து இறக்கிப் பார்த்தோம்.
முதல் திருப்பத்தில் முட்டியது.
ஒரு அடி குறைத்தோம்.
முட்டியது.
பதினைந்தேகாலில்
ஏறக்குறைய நட்டமாக நிமிர்த்தி
மீட்டர் பெட்டியை உரசாமல் இறங்கியது.
"இந்தப் படியில பொணத்தையே
உக்கார வச்சுத்தான் இறக்குனாங்க" என்றாள் அவள்.

மனசு கேட்கவில்லை.
மூன்றையும் சாண் நீளத்துக்குச் செய்தேன்:
இரண்டு காலண்டர் அட்டையில்,
மூன்றாவது ஈர்க்குச்சி அடுக்கி.
மெழுகு பூசினேன். பாய்க்குப் பழைய மின் ரசீது.
பாதியாக அறுத்த சின்டெக்ஸ் தொட்டியில் விட்டு
மேஜை விசிறியை வடகிழக்கு மூலையில் வைத்தேன்.

தட்டை, தண்ணீரில் வேலைநிறுத்தம் செய்தது.
ஈர்க்குச்சி பாய்ந்தது, சாய்ந்தது,
அழகாகக் குடித்து அழகாக மூழ்கியது.
தையல் படகு நண்டுபோலப் பக்கவாட்டில் நழுவ
ஐஸ் குச்சி ஒன்றைப் பக்கப் பலகையாகச் சொருகினேன்.
நேரானது.
கண்மாய்க்குள் வெட்டாமல் விட்ட கருவேலந்தூர்கள் நிறைய.
சுக்கான் முட்டினால் தானே தூக்கிக்கொள்ள வேண்டும்,
அதற்கு ஒரு கீல்,
என்று எழுதிக்கொண்டிருக்கும்போது
விசிறி நின்றது.

மாதாந்திரப் பராமரிப்பு, காலை பத்து முதல்.
அந்த அறிவிப்பை டைப் அடித்தவளே நான்தான்.
மறந்துபோயிருந்தேன்.

காற்று போன பிறகும்
இரண்டாவது போய்க்கொண்டிருந்தது,
யாரோ சொல்லிவிட்ட வேலைக்குப் போவதுபோல,
தொட்டிச் சுவரை மூக்கால் தொடும்வரை.

தெற்கு வெளி வீதிக் கடையில் தாவூது கேட்டார்:
"ஆறு எம்எம் எதுக்கு மேடம்?"
கட்டிலுக்கு என்று வாயில் வந்துவிட்டது.
"கட்டிலுக்கு ஆகாதே. ஆள் படுத்தா வளைஞ்சிரும்."
"வளையணும்" என்றேன்.
ஒரு தடவை பார்த்தார்.
பில்லில் கட்டில் என்றே எழுதினார்.

நாலு ஷீட் மாடியில் சாய்ந்திருக்கிறது.
மூன்றாவது வரைபடத்தை இன்னும் கிழிக்கவில்லை.
கீழ்வீட்டை எப்போது காலி செய்வதாக உத்தேசம் என்று
மொக்கச்சாமி அண்ணனிடம்
ஜாடையாகக் கேட்டுவைத்திருக்கிறேன்.