கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது

பதினேழு வருஷமாக இதுதான் என் சோலி.
வண்ணார்பேட்டைப் பட்டறைகளில்
நசுங்கிக் கிடக்கும் வண்டியைச் சுற்றி வந்து
பம்பரில் பாதி, டயரில் பாதி,
தகரத்துக்கு வயசுக்குத் தக்கன என்று
கழித்துக்கொண்டே வருவேன்.
கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது.
ஏன் என்று கேட்டால்
இன்சூரன்ஸ் விதி அப்படி என்பேன்.

வீட்டில் ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது,
இன்னும் பதினொரு தவணை பாக்கி.
ஓட்டினால் கொட்டாவி வரும்.
ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே
அதிலிருந்து ஒரு லட்சம் உதிர்ந்த சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

"ரெண்டாவதா ஒண்ணு, பழசா, ஆசைக்கு ஓட்ட."
"கோட்டி பிடிச்சிருக்கா?" என்றாள் சங்கரவடிவு.
அதே மூச்சில் "எவ்வளவு?" என்றாள்.
ஒண்ணரை. மேலே ஒரு பைசா இல்லை.

முதல் ஞாயிறு கல்லிடைக்குறிச்சியில் கான்டெஸா.
மூக்கு ஒரு தெருவில், வால் இன்னொரு தெருவில்.
பின்சீட்டில் கோழி அடைகாத்தது.
"அது எந்திரிக்கட்டும், ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றார்.
சாமான் கோயம்புத்தூரில் கிடைக்குமாம்.
கிடைத்தாலும் கிடைக்குமாம்.

அடுத்தது பணகுடியில், காற்றாலைகளின் கீழ், ஜிப்ஸி.
கதவைத் திறந்தேன்,
ஆடிக்காற்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.
"நாலே முக்கால்" என்றான் பையன்,
ரெண்டுக்கு வாங்கியதையும் பெருமையாகச் சொன்னான்.
விலை நிற்கும், சந்தேகமே இல்லை.
நிற்கிற இடம்தான் நமக்கு எட்டவில்லை.

மேலப்பாளையம் தரகர் பீர் முகைதீன் போனில் சிரித்தார்:
"புதுசு மாடியிலேர்ந்து விழுது, அண்ணாச்சி.
பழசு தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கு,
இனி எங்க விழ?
துரு இல்லாததா, சாமான் முக்குக்கு முக்கு கிடைக்கதா பாரும்."
பதினேழு வருஷ ரிப்போர்ட்டில்
நான் எழுதாத வரி அது.

சமாதானபுரத்தில்
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை எஸ்தர் ஞானதீபத்தின் ஜென்,
தொண்ணூற்றெட்டு மாடல், நாவல்பழ நிறம்.
இடது முட்டியை மாற்றிவிட்டார்களாம்,
புது முட்டிக்கும் கிளட்ச்சுக்கும் ஒத்துவரவில்லை.
நோட்டு ஒன்றை நீட்டினார்:
ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும், ஓடிய கிலோமீட்டரும்,
பென்சிலில்.

நான் மிதியடியைத் தூக்கினேன், டார்ச் அடித்தேன்,
ஃபிரிட்ஜ் காந்தத்தை உடம்பெல்லாம் ஒட்டிப் பார்த்தேன்.
இடது மட்கார்டில் வழுக்கியது.
"அது ஒரு ஆடு. தப்பு என்னோடது" என்றார்,
நான் வாயைத் திறக்குமுன்.

சாவியைச் சங்கரவடிவு வாங்கிக்கொண்டாள்.
வெள்ளை வண்டியை அவள் தொட்டதே இல்லை,
"கீறல் விழுந்தா உங்க மூஞ்சியப் பாக்க முடியாது."
திருச்செந்தூர் ரோட்டில் மூன்றாவது கியர்.
அறுபதுதான், நூறு மாதிரி இருந்தது.
வாழைத்தார் லாரி பின்னுக்குப் போயிற்று,
அப்புறம் ஒரு பஸ்,
அப்புறம் அவள் சிரித்தாள்,
யாரைப் பார்த்தும் இல்லை.
கண்ணாடி தொண்ணூற்றெட்டில் மாட்டியதுதான்.
அதன் வழியே வந்த ரோடு
இன்றைய தேதியில் இருந்தது.

இறங்கும்போது முகத்தைத் துடைத்து இறுக்கிக்கொண்டாள்.
"ஏசி வேலை செய்யல. அதுக்குப் பத்து.
ஆட்டுக்கு அஞ்சு."
ஒண்ணு இருபத்தஞ்சுக்கு முடிந்தது.
டீச்சரம்மா நோட்டையும் கொடுத்தார்,
மிச்சப் பக்கங்களை எழுதச் சொல்லி.

போன வாரம் பீர் முகைதீன்:
"மதுரையில ஒரு டாக்டர், ஒண்ணு எழுவது தாராராம்.
வண்டியக் காட்டலாமா?"
சந்தோஷமாகத்தான் இருந்தது, கணக்கு ஜெயித்ததில்.
வெளியே எட்டிப் பார்த்தேன்.
வெள்ளை வண்டி மட்டும் நின்றது.
உப்பு வாங்கி வருகிறேன் என்று போனவள்
தூத்துக்குடியில் இருப்பதாகச் சொல்கிறாள்.